டோனி கேட்ட பத்து நிமிடம்

காரைக்குடி செக்காலையில் ராப் இசைக்கு ஒரு பேரவை இருந்தது என்றால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். தொண்ணூற்றேழாம் வருஷம் இருந்தது. வாடகைக்கு ஒரு மாடி இருந்தது, பெயர்ப் பலகை இருந்தது, ஊதா மையில் விழுகிற ரப்பர் ஸ்டாம்பு இருந்தது. தலைவர், துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் இருந்தார்கள். டேப் ரெக்கார்டர் ஒன்றுதான் கிடையாது. பாட்டைக் கேட்டே தீரவேண்டும் என்ற இக்கட்டு எப்போதாவது வந்தால் மைக்செட் கடை டோனிக்கு ஆள் அனுப்புவார்கள். அவன் தன் டபுள் டெக் டேப்பைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய்ப் போட்டுக் காட்டிவிட்டு வருவான்.

டோனி, மாதா கோயில் தெரு அற்புதம் டீச்சரின் மகன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது அவன் வேலை. பேரவையில் போட்ட கேசட்டை உண்மையிலேயே காது கொடுத்துக் கேட்ட ஒரே ஆள் அவன் என்பதால், ராப் பைத்தியம் பிடித்ததும் அவனுக்கு மட்டும்தான். நியூயார்க் பக்கத்துக் கறுப்பினப் பையன்கள் பழைய இசைத்தட்டுகளிலிருந்து மேளச் சத்தத்தை மட்டும் ஒரு துண்டு வெட்டி எடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன் மேல் எதுகையும் எகத்தாளமுமாக மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போவார்கள். ராப் என்பது இவ்வளவுதான். நம் தெருக் குழாயடியில் நடப்பதும் ஏறக்குறைய இதுதானே என்று டோனிக்குத் தோன்றியது. தோன்றியதோடு சும்மா இருந்தானா? அடிபம்பின் 'க்ரீச்... டொக்' சத்தத்தைப் பதிவு செய்து, ஓட்டி ஓட்டி ஒரு தாளமாக்கி, அதற்கு ஒரு பாட்டும் எழுதிவிட்டான்.

*குடமிருக்கு எடமிருக்கு தண்ணி மட்டும் எங்க?*
*கோடு போட்டு வரிசை வச்சோம் வாளி நின்னு தூங்க.*

இப்படிப் போகும். தெருவில் நாலு பேர் கொஞ்சம் கேட்டுவிட்டு, "நல்லாத்தான்டா இருக்கு, ஆனா பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றார்கள்.

அந்த வருஷம் பேரவையின் ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக மதுரையிலிருந்து தங்கச்சாமி வருவதாக ஏற்பாடு. ஆடியோ கம்பெனி வைத்திருப்பவர். புதுக்குரல் எங்கே கிடைக்கும் என்று ஊர் ஊராக அலைந்து, பிடித்துப்போனால் மறுமாதமே கேசட் போட்டு பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்கவிட்டுவிடுவார். அவர் முன்னால் ஒரு பத்து நிமிடம் கிடைத்தால் போதும். டோனிக்கு அதற்கு மேல் ஆசை எதுவும் இல்லை. தன்னிடமிருக்கிற ஒரே இஸ்திரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பேரவை மாடி ஏறினான்.

மேலே தலைவர் குமரப்பன் இருந்தார். பாத்திரக்கடை முதலாளி. நியூஜெர்சியில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது, அக்காள் மகன் வேண்டாமென்று ஒதுக்கிய கேசட்டுகளை ஓர் அட்டைப் பெட்டியில் கொண்டுவந்தவர். அந்தப் பெட்டிதான் பேரவை உண்டானதற்கே காரணம். பக்கத்தில் செயலாளர் நாகநாதன். பாங்கியில் செக்குகளின் கையெழுத்தை ஒத்துப் பார்க்கிற வேலை. பார்த்துப் பார்த்து, எதிரே நிற்கிற மனிதனின் முகத்தையும் சந்தேகத்தோடு இரண்டு தரம் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. அவர்கள் தலைக்கு மேலே முன்சுவரில், எண்பத்தாறு முதல் தொண்ணூற்று மூன்று வரையான பொற்காலத்தின் ராப் மேதைகள் சட்டம் போட்ட படங்களாகத் தொங்கினார்கள். நடுவில் கிங் டெம்போ. வலப்புறம் லேடி காப்பர். இடப்புறம் ஸ்டெயர்கேஸ் பிரதர்ஸ் மூவர். எல்லாருக்கும் நெற்றியில் சந்தனப் பொட்டு, கழுத்தில் பிளாஸ்டிக் மாலை.

"அண்ணே, ஆண்டு விழாவுல எனக்கு ஒரு பத்து நிமிசம் வேணும்."

"ஸ்பீக்கர் கட்டவா? ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துருப்பா."

"இல்லண்ணே. பாடுறதுக்கு."

குமரப்பன் நாகநாதனைப் பார்த்தார். நாகநாதன் டோனியை இரண்டு தரம் பார்த்தார்.

"யாரு பாட்டு?"

"என் பாட்டுண்ணே."

"அது சரி தம்பி. யாரோட பாட்டு?"

"என்னோடதுதாண்ணே. நானே எழுதுனது."

"அதான் எழுதிட்டேங்கிறியே. யாரு பாட்டைப் பாத்து எழுதுன?"

பிறகு குமரப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இங்க பாரப்பு. இது ரசிகர் பேரவை. மேடையில ஏறணும்னா அவன் அசலா இருக்கணும். அசலுன்னு நீ சொல்லப்படாது, நாங்க சொல்லணும். அதுக்குத்தான் இப்ப அசல் ஆய்வுக் குழுன்னு ஒண்ணு போட்டிருக்கோம்."

"அப்பக் கேட்டுப்புட்டுச் சொல்லுங்கண்ணே. டேப்பு கீழ சைக்கிள்லதான் இருக்கு."

"நல்லா இருக்கே!" என்றார் நாகநாதன். "பொற்காலத்து ஆளுகளையே இன்னும் விசாரிக்கலை. கிங் டெம்போ மேல இருக்காரு. அவருக்கு முன்னாடி உன்னைய விசாரிச்சா அவரு என்ன நெனைப்பாரு? சீனியாரிட்டின்னு ஒண்ணு இருக்கில்ல."

கிங் டெம்போ படத்திலிருந்து ஒன்றும் நினைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு குணம் உண்டு. தேர் இழுப்பதாக இருந்தாலும் சரி, மஞ்சுவிரட்டு நடத்துவதாக இருந்தாலும் சரி, முதலில் தீர்க்கவேண்டிய கேள்வி முதல் மரியாதை யாருக்கு என்பதுதான். தேர் ஓடாமல் நின்றாலும் நிற்கும், முதல் வெற்றிலை தப்பான கைக்குப் போய்விடக் கூடாது. இந்தக் குணம் ராப்புக்குள் நுழைந்ததுதான் டோனிக்கு வந்த வினை. முன்சுவரில் நடு இடம் யாருக்கு என்று பேரவையில் ஏற்கெனவே இரண்டு கட்சி. கிங் டெம்போதான் மூத்தவர் என்று ஒரு கட்சி. மூத்தவர் என்றால் ஆயிற்றா, சொந்தச் சரக்கு லேடி காப்பரிடம்தான் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் சேர்த்து ஒருவருக்கும் அவர்கள் பாடியதில் ஒரு வரி தெரியாது.

முதல் விசாரணை கிங் டெம்போ மீது. அட்டைப் பெட்டியின் அடியில் ஒரு பழைய மேளக்காரரின் கேசட்டைக் கண்டெடுத்திருந்தார் நாகநாதன். டோனியை வரவழைத்து இரண்டையும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டார். போலிக் கையெழுத்தைப் பிடித்த அதே குரலில் அறிவித்தார்:

"ரெண்டு மேளமும் ஒண்ணு."

"அது எல்லாரும் அப்படித்தாண்ணே செய்வாக," என்றான் டோனி. "பழைய மேளத்த எடுத்து வேற மாதிரி ஆக்குறதுதான் அந்த வித்தையே. அந்த மேளம் அவருகிட்ட வந்து எப்படி..."

"நீ டேப்பைப் பாருப்பா," என்றார் குமரப்பன். பிறகு எழுந்து நின்றார். பேரவையில் உட்கார்ந்து பேசுகிற வழக்கம் அவருக்கில்லை. எதிரே இருந்தது ஏழெட்டுப் பேர் என்றாலும் அவையோரே என்றுதான் ஆரம்பிப்பார்.

"அவையோரே! எங்க வீட்டை எடுத்துக்குங்க. எங்க முப்பாட்டனார் பர்மாத் தேக்குல கட்டுனது. பங்காளிக ஒவ்வொருத்தருக்கும் ஒரு அறை. முகப்பும் பொது, நடு முத்தத்து வளவும் பொது. முகப்புல ஒரு ஓடு உடைஞ்சு கெடக்கு. நான் பள்ளிக்கூடம் போறப்ப உடைஞ்சது. மாத்துனமா? மாத்தலை. ஏன்? மலேசியாவுல இருக்க பங்காளி வரைக்கும் கையெழுத்துப் போடணும். மழை பேஞ்சா எங்க தலையிலதான் ஒழுகுது. ஒழுகட்டும்! முறை தவறலாமா? ஒரு ஓட்டுக்கே இப்படின்னா, ஒரு மேளத்தை யாரைக் கேட்டு எடுத்தாரு இந்த டெம்போ?"

பலத்த கைதட்டல். பிரிபடாத பூர்வீகச் சொத்தைப் பங்காளிகள் சம்மதமின்றி அனுபவித்த குற்றத்துக்காகக் கிங் டெம்போ முன்சுவரிலிருந்து பக்கச் சுவருக்கு மாற்றப்பட்டார். சந்தனப் பொட்டு அழிக்கப்பட்டது. பேரவை உறுப்பினர் பாண்டீஸ்வரன் தன் ஆட்டோவின் முதுகில் 'கிங் டெம்போ துணை' என்று எழுதி வைத்திருந்தார். அதை உடனே அழிக்கவேண்டும் என்று உத்தரவு. பெயிண்டர் கேட்ட கூலி கட்டுப்படியாகாததால் பாண்டீஸ்வரன் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லை மட்டும் சேர்த்துக்கொண்டார். கொஞ்ச நாள் அந்த ஆட்டோ 'முன்னாள் கிங் டெம்போ துணை' என்று காரைக்குடிக்குள் ஓடியது.

அப்புறம் லேடி காப்பர். ஒரு பாட்டில் அவர் கிங் டெம்போவைத் திட்டுவதற்காக அவருடைய வரியையே எடுத்துச் சொல்லியிருந்தார். திருடியவரிடமிருந்து திருடியது இரட்டைக் குற்றம் என்று முடிவாகி, அவர் மாடிப்படிக்குப் போனார். ஸ்டெயர்கேஸ் பிரதர்ஸுக்கு டோனி ரொம்ப நம்பிக்கையோடு காத்திருந்தான். அவர்கள் எந்த இசைத்தட்டையும் தொடாதவர்கள். வாயாலேயே மேளம் போடுகிறவர்கள். நாகநாதன் அதையும் கண்ணை மூடிக் கேட்டார்.

"வாயி மேளத்தைப் பாத்துத்தானே செய்யுது? மேளம் வாயைப் பாத்துச் செய்யலையே?"

மூவரும் இறக்கப்பட்டார்கள். அவர்களை வைக்க வேறு சுவர் இல்லாததால் துடைப்பம் வைக்கிற அலமாரியில் திருப்பி வைத்தார்கள்.

ஒவ்வொரு விசாரணைக்கும் டோனிதான் சைக்கிளில் டேப்பைக் கட்டிக்கொண்டு போனான், வந்தான். ஒவ்வொரு தடவையும், "அடுத்து எனக்காண்ணே?" என்று கேட்டான். ஒவ்வொரு தடவையும் அட்டைப் பெட்டிக்குள்ளிருந்து இன்னொரு சீனியர் கிளம்பி வந்தார். விழா நெருங்க நெருங்க டோனிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கடைக்கே போய், அண்டாக்களுக்கு நடுவில் குமரப்பனை மடக்கினான்.

"அண்ணே, ஒரே ஒரு தடவை என் பாட்டக் கேட்டீகன்னா ஒங்களுக்கே தெரிஞ்சுபோகும்."

குமரப்பன் அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

"அப்பு, ஒனக்கு ஒரு உண்மையைச் சொல்றேன். நான் எந்தப் பாட்டையும் கேக்குறதில்லை. கேட்டா மனசு ஒரு பக்கமா சாஞ்சுரும். பிடிச்சுப்போச்சுன்னு வையி, அப்புறம் எப்படி நடுநிலையா இருக்கது? பாட்டைக் கேட்டு நல்லாருக்குங்கிறது ரசிகன் செய்யிற வேலை. தலைவன் அதைச் செய்யலாமா?"

டோனி வெளியே வந்து சைக்கிளை எடுத்தான். ரொம்ப தூரம் தள்ளிக்கொண்டு போன பிறகுதான் ஏறி ஓட்டலாம் என்று ஞாபகம் வந்தது.

ஒருவழியாக அவன் முறை வந்தது. அட்டைப் பெட்டி காலியாகிவிட்டதால் வந்தது. டோனி டேப்பைத் தட்டினான். 'க்ரீச்... டொக். க்ரீச்... டொக்.' நாகநாதன் உடனே கையைத் தூக்கினார்.

"நிறுத்து. இது என்ன சத்தம்?"

"எங்க தெரு அடிபம்புண்ணே."

"பம்பு யாரோடது?"

"யாரோடதா? தெருவோடது."

குமரப்பனும் நாகநாதனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொதுச் சொத்து! தண்ணீர் பிடிக்கிற வீடு அத்தனையும் அந்தச் சத்தத்துக்குப் பங்காளிகள். அத்தனை பேரும் வந்து ஆட்சேபணை இல்லை என்று சொன்னால்தான் மேற்கொண்டு பாட்டைக் கேட்கமுடியும் என்று தீர்ப்பானது. பாட்டு அதோடு நின்றது. இரண்டாவது 'டொக்'குக்கு மேல் குழு கேட்கவே இல்லை.

டோனி தெருப் பெண்களிடம் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, குடம் சகிதமாக ஒரு கூட்டம் மாடியேறியது. முன்னால் வந்தவள் பொன்னுத்தாயி. குழாயடியில் அவள் வாய்க்குப் பயந்து பம்பே கொஞ்சம் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பார்கள்.

"என்னங்கய்யா, பம்பு சத்தம் யாருதுன்னு கேட்டீகளாமே?"

"ஆமாம்மா. ஒங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?"

"எனக்கு என்ன ஆட்சேபணை. அது என் கையில அடிச்ச சத்தம். இந்தப் புள்ள டேப்பப் புடிச்சுக்கிட்டு நிக்கிறப்ப நாந்தான் அடிச்சுக்கிட்டு இருந்தேன். அப்ப அசலு யாரு? நானா, இவனா?"

பின்னாலிருந்து அக்கம்மாள் குரல் கொடுத்தாள். "ஏத்தா, அன்னைக்கு ஒன் கொடம் நெறஞ்சு நீ போயிட்ட. கடைசி நாலு அடி என்னோடது."

"நீ அடிச்சா அது க்ரீச்சுன்னு வராதுடி, மூச்சுதான் வரும்."

முதல் மரியாதைப் பிரச்சினை பேரவையின் கண்ணெதிரே, அதுவும் உயிரோடு எழுந்து நின்றுவிட்டது. நாகநாதன் ஒத்துப் பார்ப்பதற்காக, பம்பை இரண்டு பேரும் தனித்தனியே அடித்துக் காட்டவேண்டும் என்றார். குழு முழுவதும் படியிறங்கி, தெருவைக் கடந்து குழாயடிக்குப் போனது. பொன்னுத்தாயி அடித்தாள். அக்கம்மாள் அடித்தாள். நாகநாதன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவர் வேட்டி முழங்கால் வரை நனைந்தது. கடைசியில் பொன்னுத்தாயிக்கு ஒரு பொன்னாடை, அக்கம்மாளுக்கு ஒரு துண்டு, மற்றவர்களுக்கு ஆளுக்கொரு காப்பி என்று சமரசமானது. கிளம்பும்போது பொன்னுத்தாயி சால்வையைத் தோளில் சரிசெய்துகொண்டு டோனியின் காதில் சொன்னாள்:

"ஏப்பா டோனி, இவுகளைவிட அந்தப் பம்புக்கு வெவரம் சாஸ்தி. எதுக்கு இவுக பின்னாடி அலையிற? குழாயடியில நின்னு பாடிட்டுப் போ, நாங்க கேக்குறோம்."

"மதுரைக்காரரு அங்குட்டு வரமாட்டாரே அக்கா," என்றான் டோனி.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் பேரவைக்கு ஒரு விஷயம் உறைத்தது. அழைப்பிதழ் அச்சாகி ஊர் முழுக்கப் போய்விட்டது. அதில் தலைமையுரைக்கும் வாழ்த்துரைக்கும் நடுவே, கொட்டை எழுத்தில் 'பொற்கால அசல் மேதையின் திருவுருவப் படத்திறப்பு' என்று போட்டிருந்தார்கள். திறக்கப் படம் வேண்டும். பேரவையின் முன்சுவரில் ஆணிகள் மட்டுமே மிச்சமிருந்தன. பொற்காலத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரையும் நகல் என்று நிரூபித்துவிட்டிருந்தார்கள்.

மறுநாள் காலையிலேயே நாகநாதன் டோனி வீட்டு வாசலில் நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, தீர்ப்பாயிருச்சு. நீ அசல்!"

டோனிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாட்டைக் கேட்டீகளாண்ணே?"

"அதெதுக்கு? உனக்கு முன்னாடி யாருமில்லைன்னு ஆயிருச்சு. அப்புறம் நீ யாரைப் பாத்து எழுதியிருக்க முடியும்? ஒரு போட்டோ கொடு. நல்லாச் சிரிச்ச மாதிரி."

லைசென்சுக்காக எடுத்த படம் ஒன்றை அற்புதம் டீச்சர் பைபிளுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். பேனரில் போடுவார்கள் என்று அம்மாவும் மகனும் நினைத்துக்கொண்டார்கள்.

விழா அன்று கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. ராப்புக்காக அல்ல. கேசரி உண்டு என்று அழைப்பிதழிலேயே போட்டிருந்தது. மைக்செட் டோனியுடையதுதான். தன் பத்து நிமிடம் வரும்வரை, மேடை ஓரத்தில் ஆம்பிளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்து அடுத்தவர்களுடைய தொண்டையைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தான். வரவேற்புரை முக்கால் மணி நேரம். துணைத்தலைவர், தான் அதிகம் பேசப்போவதில்லை என்பதை விளக்கி அரைமணி நேரம் பேசினார். மதுரைத் தங்கச்சாமி தாமதமாக வந்து, யாருக்கும் வணக்கம் சொல்ல நேரமில்லாமல் நேராக மேடையில் உட்கார்ந்தார். அவர் வந்து உட்காரவும் குமரப்பன் திரையின் கயிற்றை இழுக்கவும் சரியாக இருந்தது.

ஆள் உயரத்தில் டோனி சிரித்துக்கொண்டிருந்தான். நெற்றியில் சந்தனப் பொட்டு. கழுத்தில் நிஜ ரோஜா மாலை. சட்டத்தைச் சுற்றிச் சீரியல் பல்பு. கீழே ஊதுபத்தி புகைந்தது. 'தோற்றம்: 1973' என்று எழுதி, பேரவை நியாயமான அமைப்பு என்பதால், அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு மட்டும் போட்டு இடம் விட்டிருந்தார்கள்.

கூட்டம் பழக்கத்தில் எழுந்து நின்று தலையைக் குனிந்துகொண்டது. "ஐயோ மாதாவே!" என்று மூன்றாம் வரிசையிலிருந்து அற்புதம் டீச்சர் அலறிய அலறல், மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டது. தங்கச்சாமி கைக்குட்டையை எடுத்தார்.

"டோனி இனிமே நம்மாளு இல்லை," என்று குமரப்பன் தழுதழுத்தார். "அவர் மரபுக்குச் சொந்தமாயிட்டாரு! அவர் பாட்டை நான் கேட்டதில்லை. நீங்களும் கேட்டதில்லை. இனி யாரும் கேக்கவும் முடியாது. அதான் அசலுக்கு அடையாளம்!"

டோனி ஆம்பிளிஃபயருக்குப் பின்னாலிருந்து எழுந்து ஓடி, நாகநாதனின் கையைப் பிடித்தான்.

"என்னண்ணே இது? என் பத்து நிமிசம்?"

"தம்பி, படம் திறந்தாச்சுப்பா," என்றார் நாகநாதன் மெதுவாக. "இப்ப நீ பாடி, அது சுமாரா இருந்துச்சுன்னு வையி. அசலுன்னு நாங்க சொன்ன சொல்லு என்னாகுறது? ஓம் மதிப்பைக் காப்பாத்துறது எங்க பொறுப்பு. பாடி அதைக் கெடுத்துக்காத."

"நான் உசுரோட இருக்கேண்ணே!"

"அது பரவாயில்லை. அதை நாங்க பெருசா எடுத்துக்கலை."

டோனி திரும்பிப் போய் மைக்கை அணைத்தான். குமரப்பன் கவனிக்கவே இல்லை. இன்னும் சத்தமாகப் பேசினார். ஸ்பீக்கர் இல்லாமல் அவர் குரல் முன்னைவிடத் தெளிவாக இருந்தது.

தங்கச்சாமிக்கு அன்று புதுக்கோட்டையில் இன்னொரு விழா. படத்துக்கு ஒரு மாலை போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார். டோனி ஒயர்களைத் தாண்டி வெளியே ஓடினான். அற்புதம் டீச்சரும் பின்னால் ஓடிவந்தார். கார்க் கதவைத் திறந்த தங்கச்சாமி, எதிரே மூச்சிரைக்க நிற்கிறவனைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"அப்படியே அதே மொகம்! டோனிக்குத் தம்பியா நீங்க?"

"சார், நாந்தான்..."

"மனசைத் தேத்திக்குங்க. என்ன வயசு! எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரு கேசட்டாவது போட்டிருப்பேன். அவரு பாடுனது ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

டோனி சட்டைப் பையிலிருந்து கேசட்டை எடுத்து நீட்டினான். தங்கச்சாமி காரில் உட்கார்ந்து அதைப் போட்டார். 'க்ரீச்... டொக்.' இரண்டாவது 'டொக்'கிலும் அவர் நிறுத்தவில்லை. பத்தாவதிலும் நிறுத்தவில்லை. விரலால் ஸ்டியரிங்கில் தட்ட ஆரம்பித்தார். குடமிருக்கு எடமிருக்கு வந்தபோது சிரித்தார். வாளி தூங்கியபோது மறுபடி சிரித்தார். டோனி காருக்கு வெளியே, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை நாளில் அவன் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒரு மனிதன் கேட்பது அதுதான் முதல் தடவை.

"எப்பேர்ப்பட்ட ஆளு போயிட்டாரு," என்றார் தங்கச்சாமி. "தம்பி, நீங்க பாடுவீகளா?"

"சார், அது வந்து..."

"பாடுவான்," என்றார் அற்புதம் டீச்சர். குரல் வகுப்பறையில் வருவதுபோல வந்தது. "இவன் நல்லாவே பாடுவான்."

"பேரு?"

மண்டபத்துக்கு எதிரேதான் மாதா கோயில். டீச்சர் அங்குட்டு ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். ஞானஸ்நானத்தில் சாமியார் வைத்த பெயரைச் சொன்னார்.

"அந்தோணி பிரபு."

தங்கச்சாமி அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். போஸ்டருக்கு நன்றாக இருக்கும் என்றார். தைக்கு அப்புறம் மதுரைக்கு வரச் சொல்லி விலாசம் கொடுத்துவிட்டுப் போனார். கார் போன பிறகு டோனி, "என்னம்மா, என்னைய நீயே கொன்னுட்டியே!" என்றான்.

"கொன்னது அவனுக. நான் பேர் வச்சதைச் சொன்னேன், அம்புட்டுத்தான்," என்றார் டீச்சர். "போ, ஒயரைச் சுருட்டு. வாடகை ஸ்பீக்கரு."

பங்குனியில் கேசட் வந்தது. பஸ் ஸ்டாண்டில் தொங்கியது. பாண்டீஸ்வரன் ஆட்டோவில் நாள் முழுக்க ஓடியது. பொன்னுத்தாயி ஒன்று வாங்கி, டேப் இல்லாத வீட்டில் அலமாரியில் வைத்துக்கொண்டாள். பேரவை உடனே அவசரக் கூட்டம் கூடியது. டோனிக்கு ஆள் வந்தது. அவன் இனிப்புப் பொட்டலத்தோடு மாடியேறினான்.

முன்சுவரின் நடுவில் அவன் படம். அதன் கீழே குமரப்பனும் நாகநாதனும் இறுக்கமான முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். மேஜை மேல் கேசட் இருந்தது. பிரித்திருக்கவில்லை.

"இந்த அந்தோணி பிரபு யாருப்பா?"

"நாந்தாண்ணே," என்றான் டோனி.

"அதை விடு," என்றார் குமரப்பன். "ஆளு அப்பட்டமா டோனியைக் காப்பியடிக்கிறானாம். ஊரே சொல்லுது. அதே பம்பு, அதே பேச்சு, குரலைக்கூட விடலையாம். பொற்காலத்து மேதையோட சொத்தை எடுத்து அனுபவிக்க இவனுக்கு யாரு சம்மதம் கொடுத்தது? பேரவை சும்மா விடாது."

"அண்ணே, அது நாந்தாண்ணே! டோனியும் நாந்தான், அந்தோணி பிரபுவும் நாந்தான். என் குரலு என் குரல் மாதிரித்தானே இருக்கும்!"

நாகநாதன் படத்தைப் பார்த்தார். டோனியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அதைத்தாம்ப்பா நாங்களும் சொல்றோம்," என்றார், ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றியபடி. "அசல் ஆளு போட்ட கையெழுத்துல தடவைக்குத் தடவை ஏதாச்சும் ஒரு வித்தியாசம் இருக்கும். ஒண்ணுகூட வித்தியாசமில்லைன்னா அது நகல்தான்."